இரண்டாவது அடி

ஆம்பூர்
அக்ஷய வருஷம் ஆனி 18

அமிர்தத்துக்கு சம்பூர்ணம் எழுதுவது.

இங்கே எல்லாரும் க்ஷேமம் என்று எழுத இந்தத் தடவை முடியவில்லை. நிறைமாசக்காரிக்கு இதை எழுதலாமா என்று யோசித்து, எழுதினதைக் கிழித்துப் போட்டு, மறுபடி எழுதுகிறேன். காரியத்துக்கு வந்த உன் அண்ணன் பாதியைத்தான் கேட்டுக்கொண்டு கலவைக்குத் திரும்பினார். மீதியை வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

உன் மூத்தார், என் புருஷன், போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் நம் பட்டைக் கிடங்கிலே, தலையில் அடிபட்டு. அடித்தது அவர் தம்பி கோதண்டபாணி, உன் வீட்டுக்காரர். அடித்த பிறகு அவர் ஓடவில்லை, ஒளியவில்லை. போட்டிருந்த சட்டையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், நடந்ததைச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். இப்போது வேலூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

நான் அங்கேதான் இருந்தேன். எப்படி நடந்தது என்று நேரில் சொல்கிறேன். காகிதத்தில் எனக்கு வரவில்லை.

அத்தைக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள். ஒருத்தனைச் சுடுகாட்டுக்கும் ஒருத்தனை ஜெயிலுக்கும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். காரியம் முடிகிற வரைக்கும் அழுதாள். அதற்கப்புறம் அழவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

நீ கிளம்பி வராதே. பிரசவம் நல்லபடியாக ஆகட்டும்.

சம்பூர்ணம்


கலவை
9-8-1926

அக்காவுக்கு அமிர்தவள்ளி எழுதிக்கொண்டது.

பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் அப்பா ஜாடை என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

எப்படி நடந்தது என்று நேரில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாததை ஊர் சொல்கிறது. அண்ணன் ஆற்காட்டுச் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தான். பெண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து அண்ணியும் கொழுந்தனும் என்று ஆரம்பிக்கிற பேச்சு. மீதியை எழுத எனக்குக் கை கூசுகிறது.

நாலு வருஷம் ஒரே அம்மியில் அரைத்தோம். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அவர் யாருக்காகக் கை ஓங்கினார்? உங்களுக்காகவா? ஆமாம் என்றால், ஏன்?

பதில் எழுதுவதானால் இதற்கு எழுதுங்கள். வேறு சமாசாரம் எதுவும் எனக்கு வேண்டாம்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
அக்ஷய வருஷம் ஆவணி 25

அமிர்தத்துக்கு,

ஆமாம். எனக்காகத்தான்.

அன்றைக்குப் பகல் வேளை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். உன் வீட்டுக்காரர் அஹமது பாஷா சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கிடங்கில் இருந்த உன் மூத்தாருக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று ஆரம்பித்தது. அவருக்கு ஆரம்பிக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பேச்சு உன்மேல் திரும்பியது. நேற்று வந்தவள் நிறைமாசமாகப் போகிறாள், நீ இன்னும் பட்டமரம் மாதிரி நிற்கிறாய் என்றார். நான் எப்போதும் எதிர்த்துப் பேசமாட்டேன். அன்றைக்கு என்னவோ பேசிவிட்டேன். "வைத்தியர் ரெண்டு பேரையும் கூப்ட்டுப் பாக்கணும்னுதானே சொன்னாரு" என்றேன்.

அதற்குத்தான் அடித்தார். கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு, வண்டி வாரால். காலி வண்டி திரும்பி வந்த சத்தம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

தம்பி உள்ளே வந்து "வுடுண்ணா" என்றார். மறுபடியும் சொன்னார். இவர் விடவில்லை. பட்டை இடிக்கிற உலக்கை சுவரோரம் சாத்தியிருந்தது. முதல் அடியிலேயே என் கூந்தல் அவர் கையைவிட்டுப் போயிற்று. அவர் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தார். தம்பி அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இரண்டாவது அடிக்கு என்னால் காரணம் சொல்ல முடியாது, அமிர்தம். அப்போது என்மேல் யார் கையும் இல்லை.

ஊர் சொல்கிற மாதிரி எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. சாமிமேல் சத்தியம் பண்ணலாம். சத்தியத்துக்காக நம்புகிறவர்கள் அது இல்லாமலும் நம்புவார்கள். அவரை உனக்குத் தெரியும். வண்டிக்காரன் மாட்டின் வாலைத் திருகினால் இறங்கிப்போய்ச் சாட்டையைப் பிடுங்குகிற ஆள். அங்கே அடி வாங்கிக்கொண்டிருந்தது முன்பின் தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தாலும் உலக்கையை எடுத்திருப்பார்.

குழந்தையைப் பற்றி ஒரு வரி எழுது. எழுத மனசில்லை என்றால் வேண்டாம்.

சம்பூர்ணம்


கலவை
2-12-1926

அக்காவுக்கு,

பதில் போட இத்தனை நாள் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை அண்ணனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். நம்புகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆட்கள் நடமாடுகிறபோது நம்புகிறேன். குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டுத் தனியே உட்கார்ந்தால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை.

என் மனசு எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு உங்கள் தோள்பட்டை கன்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். கிடங்குக் கதவு இடித்துவிட்டது என்றீர்கள். நானும் சரி என்று போய்விட்டேன். பக்கத்தில் படுத்து எழுந்த எனக்குச் சொல்லவில்லை. பார்த்ததுமே உலக்கையை எடுத்தாரே, அவருக்கு மட்டும் முன்னாலேயே எப்படித் தெரிந்தது? நீங்கள் சொன்னீர்களா? சொன்னீர்கள் என்றால், என்னிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்கிற அளவுக்கு என்ன இருந்தது?

குழந்தைக்கு விஜயகுமாரி என்று பெயர் வைத்திருக்கிறோம். கவிழ்ந்துகொள்கிறாள்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
பிரபவ வருஷம் சித்திரை 12

அமிர்தத்துக்கு,

விஜயகுமாரிக்கு என் ஆசீர்வாதம். இந்நேரம் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள்.

தம்பியிடம் நான் எதையும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அவர் கண்ணால் பார்த்தார். அதற்கு முன்னால் தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. நம் கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அஹமது பாஷா வீட்டுச் சமையல்கட்டு இல்லையா, அவர் சம்சாரம் அஜீஸுன்னிசாவுக்கு எல்லாம் கேட்கும். சத்தம் ஓய்ந்த பிறகு சுவருக்கு மேலே ஒரு கிண்ணத்தில் சூடு பண்ணின எண்ணெய் வரும். ஏன் எதற்கு என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நீ வந்த நாளிலிருந்து உன் புருஷன் உன்னை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கீழே வந்த ஓரகத்தி நீ. உனக்கு முன்னால் நான் அடிபடுகிறவளாக நிற்க விரும்பவில்லை.

கேஸ் இன்னும் கீழ்க்கோர்ட்டிலேயே கிடக்கிறது. முதலில் இருந்த மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் சாட்சிகளை ஆரம்பத்திலிருந்து கேட்கவேண்டும் என்கிறார். பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டர் சேலம் ஜில்லாவுக்குப் போய்விட்டார். சம்மன் அவரைத் தேடிக்கொண்டு அலைகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்ப் படியோரம் நின்றுவிட்டு வருகிறேன். ஜனங்கள் கேஸைப் பார்க்க வருவதில்லை. என்னைப் பார்க்க வருகிறார்கள்.

நீ சந்தைப் பேச்சு என்று எழுதினாயே, அதைத்தான் சர்க்கார் தரப்பில் கேஸாக எழுதியிருக்கிறார்கள். அண்ணிமேல் மோகம் வைத்து அண்ணனை ஒழித்தான் என்று. பங்காளிகள் ஒருநாள் வந்து, குடித்துவிட்டு உலக்கைமேல் விழுந்தான் என்று சொல்லிவிடு, ஒரு உயிராவது மிஞ்சும் என்றார்கள். நாம் வைத்திருக்கிற வக்கீல், ஒரே அடி என்று சொன்னால் ஆத்திரத்தில் நடந்தது என்று வாதாடலாம், தூக்கு வராது என்கிறார்.

அத்தை மாசம் தவறாமல் ஜெயிலுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கிறாள். திரும்பி வந்ததும் கிடங்கு வாசலில் மூத்தவனுக்கு விளக்கு வைக்கிறாள். ஒருத்தனைப் பார்த்த கையோடு இன்னொருத்தனுக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை.

சம்பூர்ணம்


கலவை
18-7-1927

அக்காவுக்கு,

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணன் பத்து நாளாக என்னோடு பேசவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் வார்டர் நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் எல்லாரும் ஒரே சமயத்தில் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். தொட வேண்டும் என்று கை நீட்டினார், வார்டர் கூடாது என்றான். இளைத்துப் போயிருக்கிறார். தாடி நரைத்திருக்கிறது.

ஊரில் இப்படிச் சொல்கிறார்களே, அது நிஜமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணி எனக்கு அம்மா மாதிரின்னு சொன்னா, மாட்டிக்கினவன் எல்லாம் சொல்றதுதானேன்னு நெனப்பே. அப்படி ஒண்ணும் இல்ல அமிர்தம். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்" என்றார்.

அப்புறம் அவரே பேசினார்.

"ரெண்டாவது அடி இன்னாத்துக்குன்னு நீ கேக்கலையே."

"சொல்லுங்க."

"அது அண்ணிக்காக இல்ல. சின்ன வயசுலேர்ந்து நானும் அண்ணன்கிட்ட வாங்கினவன்தான். அந்த அடி ரொம்ப நாளா என் கையிலயே இருந்துதுபோல. எறங்கினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

நேரம் ஆகிவிட்டது என்று வார்டர் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆற்காடு வருகிற வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். உங்கள்மேல் இருந்த சந்தேகம் போன இடத்தில் இப்போது இந்தப் பாரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தனக்குச் சாதகமாக ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு அங்கே எல்லா வசதியும் இருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னார். அதனால் முதலில் சொன்னதையும் நம்புகிறேன். உங்களையும் நம்புகிறேன். இதைப் பொழுது சாய்ந்த பிறகு, தனியாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
பிரபவ வருஷம் கார்த்திகை 9

அமிர்தத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிடங்கில் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அடி வாங்கினது நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கேஸ் மேலே போய்விட்டது. மாசி மாசம் வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. அஜீஸுன்னிசாவின் சாட்சி முன்னாலேயே முடிந்துவிட்டது. கோஷா ஸ்திரீ கோர்ட்டுக்கு வரமுடியாது என்று கமிஷன் வைத்து, இரண்டு பக்கத்து வக்கீல்களும் அவள் வீட்டுக்கே வந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர்கள். வீட்டுப் பெண்ணைச் சாட்சிக்கு இழுப்பதா என்று அவர்கள் சொந்தத்திலேயே சிலர் மனஸ்தாபப்பட்டார்களாம். கேட்டதைச் சொல்வதில் என்ன கேவலம் என்று அஹமது பாஷா சொல்லிவிட்டாராம். சுவருக்கு அப்பால் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று சர்க்கார் வக்கீல் மடக்கினார். அவள், "அடி வுழுந்தா செவுத்துக்கும் கேக்கும் சாயபு, எனக்குக் கேக்காதா?" என்றாள். நான் எங்கள் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

இனிமேல் நான். கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். வக்கீல் மறுபடியும் ஒரே அடி என்று சொல்லச் சொல்கிறார். இரண்டு என்று சொன்னால், கீழே விழுந்தவனை அடித்தான் என்று கொலையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிஜத்தைச் சொல்லி அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பவும் துணிச்சல் இல்லை. அவர் உன் புருஷன், அந்தக் குழந்தைக்கு அப்பா. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்.

இன்னொன்று. அந்த வீட்டில் கூடவே இருந்தவள் என்று உன்னையும் சாட்சிக்கு அழைக்கலாம் என்றார் வக்கீல். வா என்று நான் கூப்பிடமாட்டேன். அவர் சொன்னதைச் சொன்னேன்.

சம்பூர்ணம்


கலவை
10-12-1927

அக்காவுக்கு,

இரண்டு என்றே சொல்லுங்கள்.

வக்கீலுக்கு ஒரு காரணம் வேண்டுமானால், பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டர் இரண்டு காயம் என்றுதான் எழுதியிருப்பார். நீங்கள் ஒன்று என்றால் அதைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் அடி வாங்கினதும் பொய், அந்த அம்மாள் கேட்டதும் பொய் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

எனக்கு வேறு காரணம் இருக்கிறது. அவர் அந்த அடியை என்னிடம் மறைக்கவில்லை. அப்படி ஒன்று விழவே இல்லை என்று சாதித்து அவரை மீட்டுக்கொண்டு வந்தால், அத்தைக்கு எதிரே உட்கார்ந்து அவரால் எப்படிச் சாப்பிட முடியும்?

தூக்கு என்று ஆகிவிட்டால், நான் சொல்லித்தான் நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பழியில் எனக்கும் பாதி.

நான் கோர்ட்டுக்கு வருகிறேன். போனால் திரும்பி இந்த வாசலை மிதிக்காதே என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள்.

அமிர்தவள்ளி


வேலூர், லாங் பஜார்
21-2-1928

அக்காவுக்கு,

அத்தைக்குக் காய்ச்சல் என்று உங்கள் சாட்சி முடிந்ததுமே நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். வராந்தாவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டதோடு சரி. சாட்சிகள் பேசிக்கொள்ளக் கூடாது என்று சேவகன் நடுவில் வந்து நின்றுவிட்டான். நீங்கள் இரண்டு அடி என்று சொன்னதை வக்கீல் குமாஸ்தா வந்து சொன்னார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கு இல்லை. ஏழு வருஷம் கடுங்காவல்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேற்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். முதல் கேள்வியே புருஷன் பெயர். நான் வாயால் சொன்னதில்லை. யாராவது எடுத்துக்கொடுப்பார்கள் என்று சுற்றும் பார்த்தேன். நீயே சொல்லவேண்டும் அம்மா என்றார் மொழிபெயர்க்கிறவர். எதிரே அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். "கோதண்டபாணி" என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வீட்டில் அண்ணியும் கொழுந்தனும் எப்படி இருந்தார்கள் என்று நம் வக்கீல் கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். கன்றிப்போன தோளைப் பற்றியும் சொன்னேன். அப்புறம் சர்க்கார் வக்கீல் எழுந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"உன் புருஷன்மேலயும் அந்த அம்மாமேலயும் உனக்குச் சந்தேகமே வந்ததில்லையா?"

நம் வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவேண்டும் என்பது எனக்கும் தெரிந்தது.

"வந்துது" என்றேன். "ஊர் பேசினதைக் கேட்டு வந்துது. அவங்களைக் கேட்டேன், பதில் வந்துது. அவரையும் ஜெயில்ல போய்க் கேட்டேன். கேட்டப்புறம் இல்ல."

ஜட்ஜ் துரை எழுதுவதை நிறுத்திவிட்டு, மறுபடியும் சொல்லச் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னார்.

இன்றைக்கு, ஜட்ஜுக்கு அபிப்பிராயம் சொல்ல உட்கார்ந்திருந்த அசெஸ்ஸர்கள் நாலு பேரில் மூன்று பேர் இது கொலை ஆகாது என்றார்கள். மோகம் என்கிற கதை ருசுவாகவில்லை என்று ஜட்ஜ் தள்ளிவிட்டார். பெண்ணைக் காப்பாற்ற விழுந்த அடியைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும், விழுந்து கிடந்தவன்மேல் விழுந்ததற்குத் தண்டனை உண்டு என்று படித்தாராம். கூண்டில் நின்றிருந்த அவர் கை கூப்பினார். அழைத்துக்கொண்டு போகிறபோது குழந்தை அவரைப் பார்த்துக் கை ஆட்டினாள். யாரைப் பார்த்தாலும் ஆட்டுவாள்.

இங்கே சித்தி வீட்டு மாடியில் இருக்கிறேன். கலவைக்கு இனிப் போகமுடியாது. ஆம்பூருக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று நாலு பேருக்கு முன்னால், காகிதத்தில் ஏறும்படி சொல்லியிருக்கிறேன். அதில் உங்களுக்கு வருத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
பிரபவ வருஷம் மாசி 12

அமிர்தத்துக்கு,

அத்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஏழு வருஷம் என்று சொன்னேன். உயிருக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் பெரியவனை நினைத்து அழுதாள். எத்தனையோ மாசமாக அடக்கி வைத்திருந்த அழுகை. கூடவே நானும் அழுதேன். அவரோடு பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், எனக்கும் அழ ஒன்றிரண்டு நல்ல நாள் இருந்தது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள்.

கிடங்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அஹமது பாஷா பட்டை வாங்குவதை நிறுத்தவில்லை. விதவை வியாபாரம் பண்ணுகிறாள் என்று பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய பேச்சையெல்லாம் கேட்டாகிவிட்டது. ஆனால் தனியாக முடியவில்லை. மூட்டை எண்ணி விடவும் ஆளை விரட்டவும் இன்னொருத்தி வேண்டும்.

கோர்ட்டில் நீ சொன்னதைக் குமாஸ்தா முன்னாலேயே வந்து சொன்னார். வருத்தமா என்று கேட்டிருக்கிறாய். இந்த ஊரில் என்னைச் சந்தேகப்படாதவர்கள் குறைவு, அமிர்தம். முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். வாய்தாவுக்கு வாய்தா வந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்படியா சம்பூர்ணம், நிஜமா என்று என்னிடமே கேட்டவள் நீ ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். முக்காட்டை இழுத்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கி நிற்கமாட்டேன். நீ இறங்குகிற இடத்தில் நிற்பேன்.

சம்பூர்ணம்